அட்வான்ஸுக்கு உண்மையான உச்சவரம்பு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வீட்டு விலை ஏறுகிறது என்றாலே வாங்குகிறவர்களைப் பற்றித்தான் பேச்சு, வீட்டுக்கடன் வட்டி, வழிகாட்டி மதிப்பு, பதிவுக் கட்டணம் என்று. சென்னையில் விலை கேட்கவே முடியாமல் வாடகைக்குப் போகிறவர்களைப் பற்றியும் கொஞ்சம் பேச வேண்டும். அவர்களை வாசலிலேயே தடுப்பது அட்வான்ஸ்.

மாதம் 15,000 ரூபாய் வாடகையில் ஒரு வீடு அமைந்தால், பத்து மாத அட்வான்ஸ் என்ற நம் ஊர் வழக்கப்படி ஒன்றரை லட்சம் கையில் இருக்க வேண்டும், அப்புறம் புரோக்கருக்கு ஒரு மாத வாடகை, சாமான் ஏற்ற வண்டி. மாதாமாதம் 15,000 ஒழுங்காகக் கட்டக்கூடிய குடும்பங்கள் நிறைய உண்டு, ஒன்றரை லட்சத்தை மொத்தமாக எடுத்து வைக்க அவர்களில் எத்தனை பேரால் முடியும்? நகை அடகுக்குப் போகிறது, இல்லையென்றால் வட்டிக்கு வாங்குகிறார்கள். அந்தப் பணமோ ஓனரிடம் வட்டியில்லாமல் வருடக்கணக்கில் கிடக்கிறது, காலி செய்யும்போது பெயின்ட், குழாய் என்று கழித்துக்கொண்டு மீதிதான் திரும்பி வரும்.

இத்தனைக்கும் சட்டம் இருக்கிறது. 2017-இல் இயற்றி 2019-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டம், மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது. ஆனால் இரு தரப்பும் வேறு விதமாக ஒப்பந்தம் செய்துகொண்டால் இது பொருந்தாது என்று அதே பிரிவிலேயே விலக்கும் கொடுத்துவிட்டார்கள். வீடு கிடைத்தால் போதும் என்று நிற்கிறவர் பத்து மாதத்துக்குக் கையெழுத்துப் போடாமல் என்ன செய்வார்? மாநிலங்கள் பின்பற்றுவதற்காக மத்திய அரசு 2021-இல் கொடுத்த மாதிரி வாடகைச் சட்டத்தில் குடியிருப்புகளுக்கு இரண்டு மாதம்தான் வரம்பு, ஒப்பந்தத்தில் பேசிக்கொள்ளும் தொகையும் அதற்குள்தான் இருக்க வேண்டும்.

வாடகை பாக்கி வைத்துவிட்டுப் போகிறவர்களும் இருக்கிறார்கள், ஓனர்களின் பயத்தை நான் குறை சொல்லவில்லை. ஓய்வுபெற்ற பலருக்கு அந்த வாடகைதான் வருமானம். அதற்குத்தான் தமிழ்நாட்டுச் சட்டத்திலேயே வாடகை நீதிமன்றம் இருக்கிறது, அங்கே வழக்குகள் சீக்கிரம் முடிய வழி செய்யுங்கள், பத்து மாதப் பணத்தைப் பிணையாகப் பிடித்து வைக்கத் தேவை இருக்காது.

மூன்று மாத வரம்புக்குக் கொடுத்த அந்த விலக்கைச் சட்டமன்றம் நீக்க வேண்டும். அதற்கு நாளாகும் என்றால், பதிவாகும் ஒப்பந்தங்களில் எத்தனை மாத முன்பணம் எழுதப்படுகிறது என்பதையாவது வாடகை அதிகார அமைப்பு பகுதிவாரியாக வெளியிடட்டும்.

வாடகை வீட்டில் வசிக்கும் வாசகர்,
குரோம்பேட்டை, சென்னை