பென்சிலும் கடைவாயும்

அன்பு நண்பா,

நலம், நலமறிய ஆவல் என்று ஆரம்பிக்கத்தான் நினைத்தேன். நீயோ மூன்று பக்கத்துக்கு உதட்டின் நலத்தைப் பற்றியே எழுதியிருக்கிறாய். புது வேலை, புது வீடு எல்லாம் நாலே வரியில் முடிந்துவிட்டது. இரண்டு மாதம் ட்ரம்பெட்டைத் தொட முடியாது, திரும்பி வந்த கையோடு பாண்டில் உட்கார வேண்டும், அதற்குள் உதடு தொளதொளத்துப் போய்விடுமே என்ற கவலைதான் மீதி முழுக்க. சரி, எனக்கும் இதைப் பேச ஓர் ஆள் வேண்டியிருந்தது. என் ட்ராம்போன், உன் ட்ரம்பெட்டின் பித்தளை அண்ணன், பதினோரு நாளாகப் பட்டறையில் கிடக்கிறது. ஸ்டாண்டு இரண்டடி தள்ளி இருந்தும் சோம்பல்பட்டு நாற்காலியில் சாய்த்து வைத்தேன். சரிந்து விழுந்து, முன்னும் பின்னும் இழுக்கிற குழாயான ஸ்லைடு நெளிந்துவிட்டது. இந்த வயதிலும் இந்தப் புத்தி. ஆக, இப்போது நானும் வாத்தியம் இல்லாத ஆள்தான்.

உதட்டுக்குப் பலம் ஏற்ற என்ன வழி என்று கேட்கிறாய். நீ மேல் ‘சி’ என்ற உயர்ந்த சுரத்தைப் பிடிக்கும்போது உன் உதடு நொடிக்குச் சுமார் 930 தடவை திறந்து மூடுகிறது. எந்தத் தசையும் அந்த வேகத்தில் சுருங்கி விரியாது. காற்று அடிக்கிறது, உதடு படபடக்கிறது, அவ்வளவுதான். அது சரியான இழுப்பில் படபடக்கும்படி சுற்றிலும் பிடித்துக்கொண்டு நிற்பதுதான் தசையின் வேலை. அந்தப் பிடிப்பைத்தான் எம்பூஷர் என்கிறோம். மவுத்பீஸ், அதாவது வாயில் வைத்து ஊதுகிற கிண்ணம், அதன் வளையத்துக்குள் இருக்கிற உதடு இளகி இருக்க வேண்டும், வெளியே கடைவாய் கெட்டியாக இருக்க வேண்டும். உன் 7சி அளவு மவுத்பீஸின் உள்விட்டம் 16 மி.மீ. சொச்சம், என்னுடையது 25 மி.மீ. அந்த வட்டத்துக்குள் நடப்பதை வாத்தியம் இல்லாமல் முழுதாகப் பழக்க முடியாது என்பது என் அபிப்பிராயம். வெளியே இருப்பதைத் தாராளமாகப் பழக்கலாம்.

இதைப் படிக்கும்போதே ஒன்று செய்து பார். கடைவாய்க்கு ஒரு விரல் அகலம் தள்ளி, கன்னத்தில் கட்டைவிரலை வைத்துக்கொண்டு ‘உ’, ‘ஈ’, ‘உ’, ‘ஈ’ என்று மாற்றி மாற்றிச் சொல். தோலுக்கு அடியில் ஒரு சின்ன முடிச்சு முன்னும் பின்னும் நகரும். வாயைச் சுற்றிவரும் தசை, கன்னத்துத் தசை, மேலே இழுப்பது, கீழே இழுப்பது எல்லாம் அந்த முடிச்சில்தான் வந்து பின்னிக்கொள்கின்றன. அந்தக் கன்னத்துத் தசைக்கு உடற்கூற்றியலில் ‘பக்சினேட்டர்’ என்று பெயர். லத்தீனில் அதற்கு ஊதுகொம்பு ஊதுகிறவன் என்று அர்த்தம். நம் பிழைப்பையே கன்னத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள்!

‘உ’ உதட்டைக் குவிக்கும், ‘ஈ’ பின்னுக்கு இழுக்கும். உதட்டை ‘ம்’ என்று லேசாக மூடிக்கொண்டு, சத்தம் இல்லாமல், இரண்டையும் ஒரே நேரத்தில் சொல்ல முயற்சி செய். கடைவாய் இரண்டும் அப்படியே பூட்டிக்கொள்ளும். பத்து நொடி பிடி, இருபது நொடி விடு, ஐந்தாறு தடவை போதும். பஸ்ஸிலோ மீட்டிங்கிலோ செய்தால்கூட யாருக்கும் தெரியாது. ஏதோ கோபத்தில் இருக்கிறான் என்று நினைப்பார்கள்.

அடுத்தது பென்சில். இது பித்தளை வாத்தியக்காரர்களிடையே பழைய வித்தை, நீயும் கேள்விப்பட்டிருப்பாய். சீவாத சாதாரணப் பென்சிலின் நுனியை மட்டும் உதடுகளுக்கு நடுவில் வைத்துப் பிடிக்க வேண்டும். பல் அதைத் தொடவே கூடாது. வாசிக்கும்போது இருக்கிற மாதிரி மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் கொஞ்சம் இடைவெளி இருக்கட்டும். பென்சில் தொங்காமல் நேராக முன்னால் நீட்டிக்கொண்டு நிற்க வேண்டும். கேட்டால் சிரிப்பு வரும், முப்பதாவது நொடியில் சிரிப்பு நின்றுவிடும். கடைவாய்க்குக் கீழே ஒரு சூடு பரவும், அப்புறம் பென்சில் நுனி நடுங்கத் தொடங்கும். நடுங்கத் தொடங்கியதும் எடுத்துவிடு. எடுத்த பிறகு உதட்டைத் தளர்த்தி ‘ப்ர்ர்ர்’ என்று குதிரை மாதிரி ஊதிவிடு. பிடித்த நேரத்தைப்போல் இரண்டு மடங்கு ஓய்வு, மொத்தம் மூன்று தடவை, ஒருநாள் விட்டு ஒருநாள்.

இந்தக் கணக்கை நான் பட்டுத்தான் கற்றேன். மூன்று வருடத்துக்கு முன்னால் ஐந்து வாரம் வெளியூரில் மாட்டிக்கொண்டேனே, அப்போது கடிகாரத்தோடு மல்லுக்கு நின்றேன். முதல் நாள் ஒரு நிமிஷம், பத்தாம் நாள் நாலு நிமிஷம், தினமும் காலை மாலை. லிஃப்டில் ஒருநாள் பென்சிலோடு நின்றபோது கதவு திறந்து எதிரே இரண்டு பேர். பென்சிலை எடுக்கவும் மனசில்லை, வணக்கம் சொல்லவும் முடியவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன். பென்சிலும் கூடவே ஆடியது. அவர்கள் அடுத்த லிஃப்டுக்குக் காத்திருந்தார்கள்.

அவ்வளவு பாடுபட்டு வீட்டுக்கு வந்து ட்ராம்போனை எடுத்தால், கீழ் பி ஃபிளாட் சுரம் வரவே மாட்டேன் என்கிறது. காற்றுதான் போகிறது, சத்தம் இல்லை. மேல் சுரங்கள் வந்தன, தகரத்தை ஆணியால் கீறுகிற மாதிரி. கண்ணாடியில் பார்த்தேன். மவுத்பீஸ் உதட்டைத் தொட்டதும் முகவாய் சுருண்டு மேலே ஏறி, குழி குழியாக நிற்கிறது. ஐந்து வாரமும் கடைவாயைப் பழக்குகிறேன் என்று நினைத்துக்கொண்டு முகவாயைத்தான் பழக்கியிருக்கிறேன். கூடவே உதட்டை உதட்டோடு நசுக்கவும் கற்றுக்கொண்டிருக்கிறேன். அதை மறக்கடிக்க இன்னும் இரண்டு வாரம் ஆனது.

இது எனக்குத் தெரியாமலே நடந்ததற்கும் காரணம் உண்டு. கை கால் தசைகளுக்குள் எவ்வளவு நீண்டிருக்கிறோம் என்று மூளைக்குச் சேதி சொல்லும் நுண்ணிய உறுப்புகள் இருக்கின்றன. முகத் தசைகளில் அவை அநேகமாகக் கிடையாது. அதனால் முழங்கை மடங்கியிருப்பது கண்ணை மூடினாலும் தெரியும், முகவாய் சுருண்டிருப்பது தெரியாது. கண்ணாடி இல்லாமல் பென்சிலைத் தொடாதே. முகவாய் வழவழப்பாக, கீழ்நோக்கி இழுத்து வைத்த மாதிரி இருக்கிறதா என்று பார். சுருங்கினால் அந்தச் சுற்று கணக்கில் சேராது, விட்டுவிட்டு மறுபடி ஆரம்பி.

மவுத்பீஸை மட்டும் எடுத்துப் போகலாமா என்று கேட்டிருந்தாய். கேட்கவே வேண்டாம், எடுத்துப் போ. பென்சிலைவிட அதில்தான் எனக்கு நம்பிக்கை, ஏனென்றால் அங்கே உதடு உண்மையாகவே அதிர்கிறது. கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் மவுத்பீஸின் வால் நுனியைப் பிடி. முழுக் கையால் பிடித்தால் உன் பழைய வியாதி வந்துவிடும், வாயோடு வைத்து அழுத்துவாய். அழுத்தினால் உதட்டில் ரத்த ஓட்டம் தடைப்படும், சீக்கிரம் மரத்துப்போகும், அப்புறம் இன்னும் அழுத்துவாய். நடு உயரத்தில் ஒரு சுரம் எடுத்து, அங்கிருந்து வழுக்கிக் கீழே வந்து, மறுபடி மேலே போ. தெரிந்த மெட்டு ஏதாவது சுருதி பிசகாமல் ஊதிப் பார். ட்ரம்பெட்டில் குழாய்க்குள் இருக்கும் காற்று திரும்பி வந்து உதட்டைத் தட்டிக்கொடுக்கிறது. மவுத்பீஸில் அந்த உதவி கிடைக்காது, எல்லாம் நீயே செய்ய வேண்டும். அதனால் சீக்கிரம் களைத்துப்போவாய். மூன்று நிமிஷம், ஓய்வு, இன்னொரு மூன்று நிமிஷம். அதோடு சரி.

மவுத்பீஸ்கூட இல்லாமல் வெறும் உதட்டை அதிரவைப்பதில் எனக்கு இரண்டு மனசு. சிலர் அதிலேயே ராஜ்யம் ஆளுகிறார்கள். எனக்கு அது உதட்டை இறுக்கிவிடுகிறது. அரை நிமிஷம், தாழ்ந்த சுரத்தில், அவ்வளவுதான் நான் போவது.

கடையில் ‘பீட்’ என்று வார்பர்டன் கம்பெனியின் சின்னக் கருவி ஒன்று இருக்கிறதே, வாங்கலாமா என்றும் கேட்டிருந்தாய். அதில் ஒரு வட்டத்தகடு உதட்டுக்கும் பல்லுக்கும் நடுவில் உட்காரும். வெளியே இழுக்க இழுக்க உதடு விடாமல் பிடிக்க வேண்டும். குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் பெரிய கோட்டுப் பொத்தான் ஒன்றைக் கழுவி, கெட்டி நூல் கோத்து இழுத்தால் ஏறக்குறைய அதே வேலை நடக்கிறது. முதலில் பொத்தானோடு பழகிப் பார், பிடித்தால் அப்புறம் வாங்கு.

காகிதத் துண்டைச் சுவரில் வைத்து, ஒரு சாண் தள்ளி நின்று, விழாமல் ஊதியே நிறுத்துவதும் நல்ல பயிற்சிதான். அது மூச்சுக்கு, உதட்டுக்கு இல்லை. ஆனால் உன் மூச்சு எனக்குத் தெரியும், அதையும் செய். விசிலடிப்பதை நான் பயிற்சியில் சேர்க்கமாட்டேன், சும்மா அடி.

ஒரு விஷயத்தில் மட்டும் அசட்டையாக இருக்காதே. சூடும் களைப்பும் வரலாம். உதட்டில் ஏதோ ஓரிடத்தில் மட்டும் குத்துகிற மாதிரி வலி வந்தாலோ, ஒரு பக்கம் காற்றைப் பிடிக்க முடியாமல் போனாலோ எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போ. ஜாஸ் ட்ரம்பெட் மேதை லூயி ஆம்ஸ்ட்ராங் 1930-களில் உதடு புண்ணாகிக் கொஞ்ச காலம் ட்ரம்பெட்டை ஒதுக்கி வைக்க வேண்டியிருந்தது. வாயைச் சுற்றியுள்ள தசை கிழிவதற்கு ஹைமே பிளானாஸ் என்ற அறுவை மருத்துவர் 1982-இல் ஆம்ஸ்ட்ராங்கின் செல்லப் பெயரையே வைத்து ‘சாட்ச்மோ சிண்ட்ரோம்’ என்று எழுதினார். அந்தக் கிழிசலைப் பென்சிலாலும் பொத்தானாலும் சரிசெய்ய முடியாது.

திரும்பி வந்த முதல் நாள் உன் கை சும்மா இருக்காது என்று தெரியும். பத்து நிமிஷம் வாசி, நடு ஸ்தாயியில் நீண்ட சுரங்கள், மெதுவாக. கீழே வை. ஒரு மணி நேரம் கழித்து இன்னொரு பத்து நிமிஷம். மேல் ‘சி’ இருக்கிறதா என்று எட்டிப் பார்க்காதே. முதல் வாரத்தில் அது இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றும் ஆகிவிடாது. கீழ் சுரங்கள் தடுமாறாமல் பேசுகின்றனவா என்று மட்டும் கேள். எனக்கு அன்று அவைதான் பேசவில்லை.

பட்டறையில் இன்னும் நாலு நாள் என்கிறார்கள். போன வாரமும் நாலு நாள் என்றுதான் சொன்னார்கள். அதுவரை எனக்குப் பொத்தான்தான் துணை. நீ புறப்படும் தேதியை எழுது.

உன்
பழைய ட்ராம்போன்காரன்

பி.கு.: சீவிய பென்சில்தான் கிடைக்கிறது என்றால் மொட்டைப் பக்கத்தை வாயில் வை. நேற்று பேச்சு சுவாரசியத்தில் மாற்றி வைத்துவிட்டேன். கீழுதட்டில் கரிக்கோடு இன்னும் போகவில்லை.