அந்த பியட் ஜாம் ஆனது உன்னால் இல்லை

திருப்பாப்புலியூர்,
ஞாயிறு இரவு

அன்புள்ள மச்சான்,

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ சிரித்துவிட்டு வேறு பேச்சுக்குத் தாவிவிடுவாய். அதனால்தான் பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்துவிட்டேன். விஷயத்துக்கு வர கொஞ்சம் சுற்றுவேன், பொறுத்துக்கொள்.

அப்பாவின் மாருதி எஸ்டீம் கார் கதை உனக்குப் பாதி தெரியும். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையேறியபோது வண்டிக்கு ஒரு கீறல்கூட இல்லை. அப்புறம் சாத்தனூர் அணையைத் திறந்து தென்பெண்ணையில் வெள்ளம் வந்ததே, அதில்தான் மாட்டியது. முழங்கால் தண்ணீர்தானே என்று மைத்துனன் வண்டியை இறக்கிவிட்டான். ஏர் ஃபில்டர் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் போய்விட்டது. காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்குமா? மூன்றாவது சிலிண்டரில் பிஸ்டனைப் பிடித்திருக்கும் கனெக்டிங் ராட் முறிந்து, இன்ஜின் பிளாக்கின் வயிற்றைக் கிழித்துக்கொண்டு வெளியே எட்டிப் பார்த்தது. எடைக்குப் போடு என்றார்கள் எல்லோரும். அப்பா உட்கார்ந்து ஓட்டிய சீட், எப்படிப் போடுவேன்?

சரி, புதுசாகச் செய்வதென்றால் கொஞ்சம் நன்றாகவே செய்வோமே என்று தோன்றியது. நம் பழைய வியாதி உனக்குத் தெரியாததா? ஆனால் பலேனோவின் 1600 சிசி இன்ஜினைத் தூக்கி வைக்கும் ஆசையை முதலிலேயே விட்டுவிட்டேன். கம்பெனி கொடுத்த வடிவத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாதென்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதே மேக், அதே வகை இன்ஜின் என்றால் ஆர்.டி.ஓ.விடம் அனுமதி வாங்கி, ஆர்.சி.யில் நம்பரை மாற்றிக்கொள்ளலாம். ஆகவே எஸ்டீமின் அதே ஜி13பிபி இன்ஜின் பிளாக்தான் தேடினேன். இன்ஜின் நம்பர் பிளாக்கில்தானே இருக்கிறது, பில் இல்லாமல் தரும் பிளாக்கைத் தொடாதே என்று நீ சொன்னதும் ஞாபகம் இருந்தது.

புதுச்சேரி பக்கம் ஒரு பழைய உதிரிக் கடையில் கிடைத்தது. பெயர் வேண்டாம். பில் கொடுத்தார், டீயும் வாங்கிக் கொடுத்தார், பொய்யும் சொன்னார். "ஸ்டாண்டர்டு போர் சார், கை வைக்காத பிளாக்" என்றார். வீட்டுக்கு வந்து கரியைத் துடைத்து அளந்தால் 74 மில்லிமீட்டர் இருக்க வேண்டிய போர், அதாவது சிலிண்டரின் உள்விட்டம், 74.25! யாரோ ஏற்கெனவே ஒரு முறை போரிங் போட்டு ஓட்டித் தேய்த்திருக்கிறார்கள். கடையிலேயே அளந்து பார்க்காதது என் தப்புதான், விடு.

அலுமினிய பிளாக், உள்ளே வார்ப்பிரும்பு லைனர். நம் ஊர் உப்புக் காற்றில் அலுமினியம் என்ன ஆகும் என்று நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. சிவப்பு டை அடித்து, துடைத்து, மேலே வெள்ளைப் பவுடர் தெளித்து விரிசல் பார்த்தேன். விரிசல் இல்லை. சிலிண்டருக்கு மூடியான ஹெட்டை இறுக்கும் போல்ட் ஓட்டைகள் இரண்டில் மரை நைந்திருந்தது, ஹெலிகாயில் என்கிற கம்பிச் சுருள் மரை போட்டாயிற்று.

கம்பெனி அளவைவிட அரை மில்லி பெரிதாக, பாயிண்ட் 50 ஓவர் சைஸ் போவதென்று முடிவு. 74.5 போர், 75.5 ஸ்ட்ரோக். 1298 சிசி இப்போது 1316 ஆகிறது. பதினெட்டு சிசிக்கா இவ்வளவு ஆட்டம் என்று நீ கேட்பாய். பவர் அதில் வராது மச்சான், ஹெட்டிலும், காற்றை அமுக்குகிற கம்ப்ரஷனிலும்தான் வரும்.

போரிங் போட்டவர் துறைமுகம் பக்கத்துப் பெரியவர். வாழ்நாள் பூராவும் விசைப்படகு டீசல் இன்ஜின் பார்த்தவர். சிலிண்டர் சுவரைக் கல்லால் தேய்த்து மெருகேற்றும் ஹோனிங் செய்யும்போது மேலே ஒரு கனமான பிளேட்டை ஹெட் போல்ட்டாலேயே இறுக்கிக்கொண்டு செய்யுங்கள் என்றேன். "போட்டுக்கே நான் இதெல்லாம் பண்றதில்ல தம்பி" என்றார். ஹெட்டை இறுக்கும்போது போல்ட் இழுக்கிற இழுப்பில் சிலிண்டர் வட்டம் கோணும் என்று சொன்னால் நம்பவில்லை. கடைசியில் அவர் பட்டறையில் கிடந்த ஐம்பது மில்லி இரும்புத் துண்டையே ஓட்டை போட்டு, முழு டார்க்கில் இறுக்கி, கீழே இருந்து போர் கேஜை விட்டோம். முள் நகர்ந்தது. பாயிண்ட் 02 மில்லி. பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, மறுபடியும் அளந்தார். அப்புறம் ஒரு வார்த்தை பேசாமல் பிளேட்டோடு நாலு போரையும் ஹோன் பண்ணிக் கொடுத்தார். காசு மட்டும் ஒன்றரை மடங்கு. நியாயம்தான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

போன வெள்ளிக்கிழமை ராத்திரி பிஸ்டன் ரிங் போட உட்கார்ந்தேன். பிள்ளைகள் தூங்கியாச்சு. முதல் ரிங்கை மட்டும் போருக்குள் விட்டு, பிஸ்டனைத் தலைகீழாகப் பிடித்து ஒரு விரல் ஆழத்துக்குத் தள்ளி நேராக்கினேன். ரிங்கின் இரண்டு முனைக்கும் நடுவில் இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் தகடு. பாயிண்ட் 15 நுழைந்தது, பாயிண்ட் 20 நுழையவில்லை. போர் ஒரு அங்குலத்துக்கு நாலு தௌ என்பது கணக்கு; தௌ என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் 74.5 மில்லிக்குக் கிட்டத்தட்ட பன்னிரண்டு தௌ, அதாவது பாயிண்ட் 30 வேண்டும். அரத்தைக் கட்டையில் பிடித்துக்கொண்டு, ஒரு முனையை மட்டும், உள்பக்கமாக மட்டும், நாலு இழுப்பு இழுத்துவிட்டு மறுபடி போரில் விட்டுப் பார்ப்பது. ஒரு ரிங்குக்கு இருபது நிமிஷம் ஆனது.

மூன்றாவது ரிங்கில் கை நின்றுவிட்டது. நம் பியட், அந்தப் பிரீமியர் பத்மினி ஞாபகம் வந்தது. பாலிடெக்னிக் முடித்த வருஷம், இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்குக்குக் கொண்டுபோகிறோம் பார் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு, உன் மாமாவின் பழைய 1089 சிசி இன்ஜினைப் பிரித்துக் கட்டினோமே. அன்றைக்கு ரிங் போட்டது நான். பெட்டியிலிருந்து எடுத்தேன், அப்படியே போட்டேன். "கேப் பார்த்தியா?" என்று நீ கேட்டாய். "கேப் எவ்வளவு கம்மியோ அவ்வளவு கம்ப்ரஷன்டா" என்றேன். அறிவாளி!

கிருமாம்பாக்கம் தாண்டியதும் ஜாம் ஆகி நின்றது. வெயிலில் பாகூர் ரோடு முனைவரை தள்ளினோம். நீதான் ஆயில் பம்ப் கேஸ்கெட்டைச் சரியாக வைக்கவில்லை என்று உன் மாமா எதிரிலேயே சொன்னேன். அவரும் நம்பினார். அதற்கப்புறம் அவர் உன்னைப் பட்டறைப் பக்கம் சேர்க்கவே இல்லை. நீ கோயம்புத்தூர் போனதற்கு அதுவும் ஒரு காரணம் என்று எனக்கு எப்போதும் ஒரு உறுத்தல் உண்டு.

அந்த இன்ஜினின் ஒரு பிஸ்டனை நான் எடுத்து வந்தேன் இல்லையா, இன்றுவரை என் மேஜையில் பேனா குத்தி வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை நடுராத்திரி அதை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, மேல் ரிங்கைக் கழற்றினேன். இரண்டு முனைகளும் கண்ணாடி மாதிரி பளபளவென்று இருந்தன. சூட்டில் நீண்ட ரிங்குக்கு நீள இடமில்லாமல் முனையோடு முனை முட்டியிருக்கிறது. அப்புறம் வெளிப்பக்கம்தானே தள்ளும், சுவரைப் பிறாண்டியிருக்கிறது. பிஸ்டனில் சுற்றிலும் நெட்டாகக் கோடுகள். ஆயில் இல்லாமல் போயிருந்தால் முதலில் பேரிங் அல்லவா போயிருக்க வேண்டும்? பேரிங் நன்றாக இருந்தது. அதை அன்றைக்கே நீ சொன்னாய். "ரிங் முனை பார், எப்படி மின்னுது" என்றுகூடக் காட்டினாய். நான்தான் பார்க்க மாட்டேன் என்றேன்.

உன் மாமா இப்போது இல்லை. அவரிடம் சொல்ல முடியாது. உன்னிடம் சொல்லிவிட்டேன்.

மற்றபடி வேலை இப்படிப் போகிறது. ஹெட்டில் பெட்ரோல் எரிகிற நாலு குழியின் கொள்ளளவையும் அளந்தேன். கிரீஸ் தடவிய அக்ரிலிக் துண்டு, மருந்துக் கடை சிரிஞ்ச், சிவப்பு மை கலந்த தண்ணீர். ஒன்றுக்கொன்று முக்கால் சிசிவரை வித்தியாசம். சின்னதை வால்வு ஓரத்தில் மெதுவாகத் தேய்த்துச் சமமாக்குகிறேன். சிலிண்டருக்கு 329 சிசி. பத்துக்கு ஒன்று கம்ப்ரஷன் வேண்டுமென்றால் குழி, கேஸ்கெட், பிஸ்டன் தலை எல்லாம் சேர்த்து மேலே 36.6 சிசிதான் மிஞ்ச வேண்டும். அதற்கு மேல் ஏற்ற எனக்குத் தைரியமில்லை. நம் மே மாத வெயிலும் சாதாரண பெட்ரோலும் சேர்ந்தால் நாக்கிங் நிச்சயம், பெட்ரோல் கண்டபடி வெடித்து இன்ஜினைத் தட்டும். எத்தனால் இருபது சதவீதம் கலப்பது நாக்கிங்குக்கு நல்லதுதான், ஆனால் பழைய ரப்பர் ஹோஸைத் தின்கிறது. டேங்கிலிருந்து இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் பிரிக்கும் குழாய்வரை எல்லா ஹோஸும் மாற்றியாயிற்று. கம்பெனி சொன்னது 85 குதிரை. நூறைத் தொட்டால் போதும் எனக்கு. நீ கோயம்புத்தூரில் பார்க்கிற ஃபார்முலா ரேஸ் வண்டிக்காரர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

அம்மா உன்னைக் கேட்டார்கள். பண்ருட்டிப் பலா முடியப் போகிறது, வந்தால் ஒன்று எடுத்து வைக்கிறேன். பெரியவள் பன்னிரண்டாவது, வீட்டில் டிவி கிடையாது.

கவர் கனமாக இருக்கிறதே என்று பார்த்திருப்பாய். அந்த ரிங்தான், பஞ்சில் சுற்றியிருக்கிறேன், உடையாமல் பிரி. வால்வு திறந்து மூடும் நேரத்தை, அதான் கேம் டைமிங்கை, வைக்க எனக்குக் கோணம் அளக்கும் டிகிரி வீலும் உன் டயல் கேஜும் வேண்டும். அடுத்த மாதம் இரண்டு நாள் லீவு போட்டு எடுத்துக்கொண்டு வா. நீ வரும்வரை ஹெட்டை இறுக்க மாட்டேன்.

உன்,
கடலூர்க்காரன்