காளானைத் தாவரமாக்கிய கட்டுரை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த காளான் வளர்ப்புக் கட்டுரையில், 'காளான் பச்சையம் இல்லாத ஒரு சிறு தாவரம்' என்னும் வரியைப் படித்தேன். சிப்பிக் காளானுக்கு வைக்கோல் அவிக்கும் பக்குவத்தை அத்தனை நுணுக்கமாக எழுதியவர், தாம் வளர்ப்பது உயிரின வகைப்பாட்டில் எந்த உலகத்து உயிர் என்பதை மட்டும் விசாரிக்காமல் விட்டுவிட்டார்.

1969இல் சூழலியலாளர் விட்டேக்கர், உயிர்களை ஐந்து பெரும் பிரிவுகளாக்கும் ஐந்துலக வகைப்பாட்டை முன்வைத்துப் பூஞ்சைகளுக்குத் தனி உலகம் வகுத்தது தாங்கள் அறியாததல்ல. காளானின் செல்சுவரில் இருப்பது நண்டின் ஓட்டிலுள்ள கைட்டின் என்னும் உறுதியான பொருள். அது சேமித்து வைப்பது நம் கல்லீரல் சேமிக்கும் அதே கிளைக்கோஜன் என்னும் மாவுச்சத்து. பூஞ்சைகள் தாவரங்களைவிட விலங்குகளுக்கே நெருங்கிய உறவு என்பதை மரபணு ஒப்பீடுகளும் 1990களிலேயே காட்டிவிட்டன. பதினோராம் வகுப்புப் பிள்ளை விடைத்தாளில் அந்த வரியை எழுதினால் மதிப்பெண் போகும். தங்கள் இதழில் எழுதினால் சன்மானம் கிடைக்கும் போலிருக்கிறது.

இது முதல் முறையும் அன்று. 1758இலேயே வகைப்பாட்டியல் முன்னோடி லின்னேயஸ் பாலூட்டிகளோடு சேர்த்துவிட்ட திமிங்கலத்தை, தங்கள் சிறுவர் பக்கம் 'உலகின் மிகப் பெரிய மீன்' என்றது. குளத்தில் படரும் நீலப்பசும் பாசி பாக்டீரியா என்றிருக்க, அதைச் செடி என்றீர்கள். ஆர்க்கியாக்கள் என்னும் நுண்ணுயிர்கள் தனிக் கிளை என்று நுண்ணுயிரியலாளர் கார்ல் வோஸும் அவர் சகாவும் 1977இல் காட்டிய பிறகும், அவற்றை 'ஒரு வகை பாக்டீரியா' என்றே எழுதி வருகிறீர்கள். ஒவ்வொரு முறையும் கடிதம் எழுதினேன், ஒன்றும் அச்சேறவில்லை. இடநெருக்கடியாக இருக்கும் என்று நானே சமாதானம் செய்துகொண்டேன், நடிகர் வீட்டு நாயின் பிறந்தநாள் படம் அரைப் பக்கத்துக்கு வந்திருந்தபோதும்.

இதெல்லாம் ஏட்டுச் சண்டை என்று தங்கள் துணையாசிரியர்கள் நினைக்கக்கூடும். கம்பம் பள்ளத்தாக்கில் எங்கள் குடும்பத்துக்குத் திராட்சைத் தோட்டம் உண்டு. ஒரு மழைக்காலத்தில் கொடிகளில் அடிச்சாம்பல் நோய் விழுந்தபோது, மருந்துக் கடையில் 'எல்லாம் பூஞ்சைதானே' என்று சொல்லி, சாம்பல் நோய்க்கு அடிக்கும் ஹெக்சகோனசோலைக் கொடுத்தனுப்பினார்கள். சாம்பல் நோயை உண்டாக்குவது உண்மையான பூஞ்சை. அடிச்சாம்பலை உண்டாக்குவதோ பூஞ்சையின் சாயலில் வளரும் ஊமைசீட்ஸ் வகை உயிர், பழுப்புப் பாசிகளுக்கு உறவுக்காரன். பூஞ்சையை அதன் செல்சவ்வுக்கு வேண்டிய எர்கோஸ்டிரால் தயாரிக்க விடாமல் தடுப்பதே அந்த மருந்தின் வேலை என்றால், எர்கோஸ்டிராலையே தயாரிக்காத உயிரை அது என்ன செய்துவிடும்? பிஞ்சுக் கொத்துகள் பந்தலிலேயே காய்ந்து உதிர்ந்தன. கடைக்காரரை நான் நொந்துகொள்ளவில்லை. அவரும் தங்கள் வேளாண் பக்கத்தைத் தவறாமல் படிப்பவர்தாம்.

உலகங்கள் ஐந்தா, ஆறா, அவற்றுக்கு மேல் மூன்று பேருலகங்களா என்பதில் வகைப்பாட்டியலாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு என்பதை மறுக்கவில்லை. ஆனால் காளானைத் தாவரத்தோடு சேர்க்க அவர்களுள் இன்று எவரும் வாதாடுவதில்லை. அந்தப் பெருமை தங்கள் இணைப்புக்கே உரியது.

அடுத்த ஞாயிறு, ஏதேனும் ஒரு மூலையில், காளான் பூஞ்சை உலகைச் சேர்ந்தது என்று ஒரு வரித் திருத்தம் வெளியிட வேண்டுகிறேன். இக்கடிதத்துக்கு வழக்கம்போல் இடமில்லாமற் போனாலும் அந்த ஒரு வரிக்கு இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தாவரவியல் ஆசிரியர்,
தேனி மாவட்டம்.