மாதவிடாய் நின்ற பெண்ணின் ஸ்கேன் சீட்டில் எழுத வேண்டியது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் இதழின் மகளிர் நலப் பகுதியில் எண்டோமெட்ரியோசிஸ் பற்றி வெளியான கட்டுரையைப் படித்தேன். இளம் பெண்களின் தாங்க முடியாத மாதவிடாய் வலியை ‘எல்லாருக்கும் உள்ளதுதான்’ என்று தள்ளிவிடக் கூடாது என்று அழுத்தமாகச் சொல்லியிருந்ததற்கு நன்றி. ஆனால், மாதவிடாய் நின்றதும் இந்நோய் தானாகவே அடங்கிவிடும் என்ற ஒரு வரியோடு கட்டுரை முடிந்துவிட்டது. பெரும்பாலோருக்கு அது உண்மைதான். எல்லாருக்கும் அப்படி இல்லை. ஏற்காடு மலைக் கிராமங்களில் நீண்ட காலம் கிராம சுகாதாரச் செவிலியராகப் பணியாற்றியவள் என்ற முறையில், அந்த ஒரு வரிக்குள் விடுபட்டுப்போன பெண்களைப் பற்றியும் அவர்களுக்கு எடுக்கப்படும் ஸ்கேனைப் பற்றியும் எழுத விரும்புகிறேன்.

கருப்பையின் உட்சுவரில் இருப்பதைப் போன்ற திசு சினைப்பையிலும் குடலின் மேலும் சிறுநீர்ப்பையை ஒட்டியும் வளர்வதே இந்நோய். அது சினைப்பைகள் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோனை நம்பி வாழ்கிறது. சினைப்பைகள் ஓய்ந்த பிறகும் அந்த ஹார்மோன் உடலில் அறவே இல்லாமல் போய்விடுவதில்லை. அட்ரீனல் சுரப்பியிலிருந்து வரும் வேறொரு ஹார்மோனைக் கொழுப்புத் திசு ஈஸ்ட்ரோஜனாக மாற்றிக்கொண்டே இருக்கிறது, நோய்த் திசுவுக்கும் ஓரளவு அந்தத் திறன் உண்டு. உடல் பருமன் உள்ளவர்களும், மாதவிடாய் நின்றபின் ஹார்மோன் மாத்திரை எடுப்பவர்களும், மார்பகப் புற்றுநோய்க்காக டாமாக்ஸிஃபென் சாப்பிடுபவர்களும் இதில் கூடுதல் கவனத்துக்குரியவர்கள். மாதவிடாய் நின்ற பெண்களில் நூற்றுக்கு 2 முதல் 5 பேருக்கு இந்நோய் இருக்கக்கூடும் என்று மருத்துவ இலக்கியம் சொல்கிறது. கர்ப்பப்பையை எடுத்துவிட்டதால் இனி அந்தப் பக்கம் ஒரு தொல்லையும் வராது என்று நம்பும் பெண்கள் எங்கள் பகுதியில் ஏராளம். குடலில் ஒட்டியிருக்கும் நோய் கர்ப்பப்பையோடு சேர்ந்து போய்விடுவதில்லை என்பதை அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை.

காப்பித் தோட்டத்தில் பழம் பறித்து வாழ்ந்த, அறுபதை நெருங்கிய ஓர் அம்மாவின் கதை எனக்கு நேரடியாகத் தெரியும். அடிவயிற்றில் இழுத்துப் பிடிக்கும் வலி. மலம் கழிக்கும்போது அது இன்னும் கூடும். கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து பஸ்ஸில் சேலம் இறங்கி, முட்ட முட்டத் தண்ணீர் குடித்துவிட்டுக் காத்திருந்து, வயிற்றின் மேல் ஸ்கேன் எடுத்துக்கொண்டு திரும்பினார். அவர் கொண்டுபோன சீட்டில் ‘வயிற்று வலி’ என்ற இரண்டு சொற்கள் மட்டுமே இருந்தன. வந்த அறிக்கையில், கருப்பை வயதுக்கேற்பச் சுருங்கியுள்ளது, சினைப்பைகள் தெரியவில்லை, வேறு குறை இல்லை என்று எழுதியிருந்தது. வாயுத் தொல்லைக்கு மாத்திரை கொடுத்தார்கள். பல மாதம் கழித்து வேறோர் இடத்தில் ஒரு பெண் மருத்துவர் உட்கார வைத்துப் பொறுமையாகக் கேட்டபோதுதான், இளம் வயதில் மாதாமாதம் தோட்டத்து லைன் வீட்டை விட்டு எழ முடியாமல் சுருண்டு கிடந்ததையும், முன்பு ஒருமுறை சினைப்பைக் கட்டிக்கு ஆபரேஷன் ஆனதையும் அந்த அம்மா சொன்னார். அதை எழுதி அனுப்பிய பிறகு, பிறப்புறுப்பு வழியே கருவியைச் செலுத்தி எடுத்த உள்வழி ஸ்கேனில், குடலின் சுவரில் கரிய முடிச்சு ஒன்று தெரிந்தது. இடது சிறுநீரகமும் லேசாக வீங்கியிருந்தது. முதல் ஸ்கேன் எடுத்தவர் வேண்டுமென்றே எதையும் விட்டுவிடவில்லை. எதைத் தேட வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

தேடத் தெரிந்தவர் கையில் உள்வழி ஸ்கேன் மிக நுட்பமான கருவி. கருப்பையையும் சினைப்பைகளையும் பார்ப்பதோடு அவர் நிற்பதில்லை. கருவியால் மெல்ல அழுத்தும்போது எந்த இடத்தில் வலிக்கிறது, சினைப்பை நகர்கிறதா ஒட்டிக்கொண்டிருக்கிறதா, மலக்குடலின் முன்சுவர் கருப்பையின் பின்புறத்தின்மேல் வழுக்கிச் செல்கிறதா என்பதையெல்லாம் பார்ப்பார். வழுக்காமல் நின்றால் அந்த இடம் ஒட்டிப்போயிருக்கிறது என்று பொருள். பழைய அறுவை சிகிச்சையாலும் அப்படி ஆகலாம் என்பதால்தான் பழைய விவரம் கையில் இருக்க வேண்டும் என்கிறேன். இவற்றை எந்த வரிசையில், எப்படிப் பார்ப்பது என்று பல நாட்டு நிபுணர்கள் கூடி 2016-லேயே ஒரு பொது நெறியை வகுத்து வெளியிட்டிருக்கிறார்கள். அதோடு வயிற்றின் மேல் வைக்கும் கருவியை ஒரு நிமிடம் விலாப்பக்கம் வைத்துச் சிறுநீரகங்களையும் பார்த்துவிட வேண்டும். சிறுநீர்க்குழாயை இந்நோய் இறுக்கினால், வலியே இல்லாமல் ஒரு சிறுநீரகம் செயலிழந்துபோக முடியும்.

சினைப்பையில் கட்டி தெரியும்போது இன்னும் பெரிய எச்சரிக்கை தேவை. இந்நோயால் சினைப்பையில் பழைய ரத்தம் தேங்கி உண்டாகும், சாக்லேட் கட்டி என்று நாம் சொல்லும் கட்டி, ஸ்கேனில் சொரசொரப்புக் கண்ணாடி வழியே பார்ப்பதுபோல் ஒரே சீராக மங்கித் தெரியும். இளம் வயதில் அப்படித் தெரிந்தால் பெரும்பாலும் அது சாக்லேட் கட்டிதான். அல்லது கருமுட்டை வெளியான இடத்தில் ரத்தம் தேங்கி, சில வாரங்களில் தானே கரைந்துவிடும் கட்டியாக இருக்கும். மாதவிடாய் நின்றவருக்குக் கருமுட்டை வெளியாவதே இல்லை என்பதால் அந்த இரண்டாவது விளக்கத்துக்கு இடமில்லை. அந்த வயதில் அதே தோற்றம் புற்றுநோயாக இருக்கும் வாய்ப்பும் கணிசமாகக் கூடுகிறது. ஆகவே ‘பழைய சாக்லேட் கட்டிதான்’ என்று சொல்லி அனுப்பிவிடாமல், உள்ளே சதை முளைப்பு இருக்கிறதா, அதில் ரத்த ஓட்டம் உண்டா என்று டாப்ளரில் பார்த்து, புற்றுநோய் மருத்துவம் அறிந்தவரிடம் அனுப்ப வேண்டும். சிஏ 125 என்ற ரத்தப் பரிசோதனையின் அளவு எண்டோமெட்ரியோசிஸ், சினைப்பைப் புற்றுநோய் இரண்டிலும் உயரக்கூடும். அதை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது. ஐரோப்பிய மனித இனப்பெருக்க, கருவியல் சங்கத்தின் 2022-ஆம் ஆண்டு வழிகாட்டுதல், மாதவிடாய் நின்றபின் வலியோ நோயின் அறிகுறியோ இருந்தால், திசுவை எடுத்து உறுதி செய்ய வழிசெய்யும் அறுவை சிகிச்சையைப் பரிசீலிக்கச் சொல்வதும் இதனால்தான்.

ஸ்கேனுக்கும் எல்லை உண்டு. வயிற்றின் உட்புறத்தை மூடியிருக்கும் உறையின்மேல் மெல்லியதாகப் படர்ந்த நோய் அதில் பெரும்பாலும் தெரியாது. ஆகவே ‘நார்மல்’ என்று அறிக்கை வந்தும் வலி தொடர்ந்தால், மேற்கொண்டு பார்க்க வேண்டும் என்று கேட்பதில் தவறே இல்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஸ்கேன் என்றாலே பிள்ளைத்தாச்சிக்கு எடுப்பது என்ற எண்ணம் எங்கள் மூத்த பெண்களிடம் ஊறிக் கிடக்கிறது. ‘இந்த வயசுல எனக்கு எதுக்கு ஸ்கேன், பார்க்கிறவங்க என்ன நினைப்பாங்க’ என்று கூசுவார்கள். உள்வழி ஸ்கேன் என்றால் எழுந்தே போய்விடுவார்கள். அதில் ஊசியோ வெட்டோ இல்லை, மூத்திரப் பையை நிரப்பிக்கொண்டு தவிக்க வேண்டியதில்லை, வலித்தால் அந்தக் கணமே நிறுத்தச் சொல்லலாம் என்று ஒரு பெண் பணியாளர் முன்கூட்டியே விளக்கிவிட்டு, பரிசோதனை முடியும்வரை உடன் நின்றால் பெரும்பாலோர் சம்மதிக்கிறார்கள். இதை என் பணிக்காலத்தில் கண்ணால் கண்டிருக்கிறேன்.

‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க வீடு தேடிச் செல்லும் பணியாளர்கள், அடிவயிற்று வலி என்று சொல்லும் மூத்த பெண்களிடம் பழைய மாதவிடாய் வலி, கட்டி ஆபரேஷன், கர்ப்பப்பை நீக்கம், தற்போது சாப்பிடும் ஹார்மோன் மாத்திரை ஆகியவற்றைக் கேட்டு எழுதிக்கொடுக்கலாம். அந்த விவரம் மருத்துவர் எழுதும் ஸ்கேன் சீட்டிலும் ஏற வேண்டும். வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: அம்மாவையோ மாமியாரையோ ஸ்கேனுக்கு அழைத்துச் செல்லும்போது, பீரோவில் கிடக்கும் பழைய டிஸ்சார்ஜ் சீட்டையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள், அது கிடைக்காவிட்டால், எந்த வருடம் என்ன ஆபரேஷன், சினைப்பையையும் சேர்த்து எடுத்தார்களா என்பதை அவரிடமே கேட்டு ஒரு தாளில் எழுதி, ஸ்கேன் எடுப்பவரின் கையில் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர்,
ஏற்காடு, சேலம் மாவட்டம்.