புது ஜல்லி போட்ட ரோடு

டெர்பி, இங்கிலாந்து
ஜூலை, ஞாயிறு மாலை

அன்புள்ள ராஜாமணி,

உன் கடிதம் கிடைத்தது. மகள் கல்யாணம் நல்லபடியாக முடிந்ததில் எங்கள் இருவருக்கும் ரொம்ப சந்தோஷம். போட்டோவில் நீ மாப்பிள்ளையைவிட மிடுக்காக நிற்கிறாய் என்று இவள் சொல்கிறாள். தலைக்கு மை அடித்ததை நான் கண்டுபிடித்துவிட்டேன், அது வேறு விஷயம். ரிட்டயர் ஆன பிறகும் சைட்டுக்குக் கூப்பிடுகிறார்கள் என்று எழுதியிருந்தாய். போய் வா. வீட்டில் உட்கார்ந்தால் உனக்கு ஆகாது.

"உங்க ஊர் ரோடெல்லாம் கண்ணாடி மாதிரி இருக்குமே, சைக்கிள் ஓட்ட உனக்கென்ன கஷ்டம்" என்று கேட்டிருந்தாய். நெடுஞ்சாலைத் துறையிலேயே காலத்தை ஓட்டியவன் கேட்கிற கேள்வியா இது? இந்த மாதம் வந்து பார். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் சைக்கிளில் போகும் பீக் டிஸ்ட்ரிக்ட் மலைப் பகுதியின் கிராமத்து ரோடுகள் பலவற்றில் புது ஜல்லி கொட்டிக் கிடக்கிறது.

வேலை உனக்குத் தெரிந்ததுதான். சர்ஃபேஸ் டிரெஸ்ஸிங். பழைய ரோட்டைப் பெயர்க்காமல் அப்படியே வைத்துக்கொண்டு, சூடான தார் எமல்ஷனை, அதாவது தண்ணீரில் கலந்த தாரை, லாரியிலிருந்து தெளிக்கிறார்கள். பின்னாலேயே இன்னொரு வண்டி ஜல்லியைப் பரப்பிக்கொண்டு வருகிறது. சின்ன ரோடுகளில் பெரும்பாலும் 6 மி.மீ., 10 மி.மீ. கல்தான். இரும்பு ரோலர் கல்லை நொறுக்கிவிடும் என்று ரப்பர் டயர் ரோலரை ஓட்டுகிறார்கள். தெளிக்கும்போது பழுப்பாக இருக்கிற எமல்ஷன், தண்ணீர் பிரியப் பிரியக் கறுக்கும். அதற்குள் மழை வந்தால் போச்சு. அதனால் கோடை மாதங்களை விட்டால் இந்த வேலைக்கு வழியில்லை. சைக்கிள்காரர்கள் வெளியே தலைகாட்டுவதும் அதே மாதங்களில்தான். "நாம ஓட்ட வர்ற நேரம் பார்த்துத்தான் கல்லைக் கொட்டுவாங்க" என்று எங்கள் கூட்டத்தில் யாராவது ஒருவர் புலம்பாத வாரமில்லை.

எனக்கு இந்த முறைமேல் கோபம் கிடையாது. இங்கே ரோட்டைக் கெடுப்பது வெடிப்பில் இறங்குகிற தண்ணீர். பனிக்காலத்தில் அது உறையும்போது ஒன்பது சதவீதம் பருத்துத் தாரைப் பிளந்துவிடும்; மார்ச் மாதம் பார்த்தால் அங்கே குழி. வெடிப்பு சின்னதாக இருக்கும்போதே மேலே மூடிவிட்டால் அந்த ரோடு இன்னும் பல வருஷம் தாங்கும். முழு ரோட்டையும் சுரண்டிப் புதிதாகப் போடுவதைவிடச் செலவும் ரொம்பக் குறைவு. போதாததற்கு, தேய்ந்து வழவழப்பான ரோட்டுக்கு டயர் பிடிப்பும் திரும்பக் கிடைக்கிறது. குழியில் முன்சக்கரம் இறங்கித் தோள்பட்டை உடைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஜல்லி எவ்வளவோ தேவலை.

உனக்குப் பிடிக்கிற செய்தி ஒன்று. பீக் டிஸ்ட்ரிக்டில் பாதி மலை சுண்ணாம்புக் கல். பக்ஸ்டன் பக்கம் போனால் பெரிய பெரிய குவாரிகள். ஆனால் நல்ல போக்குவரத்து இருக்கிற ரோட்டின் மேல்தளத்துக்கு அந்தக் கல் ஆகாது. டயர் பட்டுப் பட்டுப் பளபளப்பாகித் தேய்ந்து, மழையில் வழுக்கிவிடும். அதனால் சீக்கிரம் மழுங்காத வேறு கல்லைத் தேடிப் போகிறார்கள். காலடியில் மலை மலையாகக் கல் இருந்தும் ரோட்டுக்கு வெளியூர்க் கல்!

சிக்கல் எல்லாம் ரோலர் போன பிறகுதான். இந்த முறையில் ரோலரோடு வேலை முடிவதில்லை. மெதுவாகப் போகிற கார்கள்தான் ஒவ்வொரு கல்லையும் புரட்டி, அகலமான பக்கம் கீழே வரும்படி படுக்கவைத்துத் தாருக்குள் அழுத்துகின்றன. அதற்காகத்தான் 20 மைல் வேகம் என்று போர்டு வைக்கிறார்கள், உன் கணக்கில் மணிக்கு 32 கிலோமீட்டர். போர்டைப் படிக்கிறவர் யார்? கண்ணாடியில் கல் தெறிக்குமே என்று பயப்படுகிறவர் மட்டும் மெதுவாகப் போகிறார். மற்றவர்கள் வழக்கம்போல் 40, 50 மைலில் பறக்கிறார்கள். பிடிக்கத் தொடங்கிய கல்லும் பெயர்ந்து வருகிறது. கடைசி ரோலர் ஊர்ஜனங்களின் கார்தான் என்று எஞ்சினியருக்குத் தெரியும், காரில் இருக்கிறவருக்கு யாரும் சொல்லவில்லை.

பெயர்ந்த கல் எங்கே போகும்? கார் சக்கரம் ஓடுகிற இரண்டு தடமும் சுத்தமாகிவிடும். ரோட்டின் நடுவில் ஒரு வரப்பு, ஓரத்தில் ஒரு வரப்பு என்று கல் ஒதுங்கும். சைக்கிள்காரன் ஓரமாகப் போக வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள் பார், அந்த ஓரத்தில்தான் மொத்தக் கல்லும்! நான் ஓரத்துக்குப் போவதே இல்லை, இடதுபக்க டயர் தடத்திலேயே ஓட்டுகிறேன். பின்னால் ஹாரன் அடிப்பான். அடிக்கட்டும்.

இறக்கம்தான் உண்மையான பயம். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். வளைவுக்குள் சாய்ந்துகொண்டே முன் பிரேக்கைப் பிடித்தால், சக்கரத்துக்கு அடியில் கல் உருள, ஆள் தரையில். நான் இப்போது 32 மி.மீ. அகல டயருக்கு மாறிவிட்டேன், காற்றும் கொஞ்சம் குறைத்து வைக்கிறேன். கை மரத்துப்போவது குறைந்திருக்கிறது. கண்ணாடி போடாமல் போவதில்லை, எதிரே வருகிற கார் தெறிக்கவிடும் கல் முழங்காலில் பட்டாலே சுள்ளென்று இருக்கும். தார் ஈரமாக இருந்தால் கல் டயரில் ஒட்டி மட்கார்டுக்குள் கடகடவென்று சத்தம் போடும். ஊரே திரும்பிப் பார்க்கும்.

பெரிய ஆட்களுக்கும் தார் பாவம் பார்ப்பதில்லை. 2003 டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயம் ஞாபகம் இருக்கிறதா? காப் நகருக்கு இறங்குகிற வழியில் வெயிலில் இளகிய தாரில் ஸ்பெயின் வீரர் ஹோசெபா பெலோக்கியின் சக்கரம் மாட்டி, தொடை எலும்பு, முழங்கை, மணிக்கட்டு மூன்றும் உடைந்தன. பின்னால் வந்த ஆர்ம்ஸ்ட்ராங் அவர்மேல் ஏறாமலிருக்க வயலுக்குள் புகுந்து மறுபக்கம் ரோட்டில் ஏறினார். இங்கேயும் வெயில் உக்கிரமாக இருக்கும் நாளில், பனிக்காலத்தில் உப்பு தூவுகிற அதே லாரிகள் இளகிய தார்மேல் கல்தூள் தூவ வரும்.

என்னைக் கேட்டால், புதுக் கல் போட்ட ரோட்டை மறுநாளே உறிஞ்சும் வண்டி வந்து கூட்ட வேண்டும், ஒரு வாரம் கழித்து இன்னொரு முறையும். இரண்டாவது முறைதான் வருவதில்லை.

சரி, நீ சொல். உங்கள் சைட்டில் சீல் கோட், அதாவது ரோட்டுக்குத் தார் மேல்பூச்சு, அடித்த பிறகு எத்தனை மணி நேரம் கழித்து வண்டி விடுவீர்கள்? மிச்சக் கல்லைக் கூட்ட காண்ட்ராக்டருக்குத் தனியாகப் பணம் உண்டா, இல்லை அதுவும் அவன் தலையில்தானா? அடுத்த கடிதத்தில் விவரமாக எழுது. டிசம்பரில் ஊருக்கு வருகிறோம். உன் மாடியில் கிடக்கிற பழைய சைக்கிளுக்கு டயர் மாற்றி வை.

அன்புடன்,
சேகர்