உளுந்து வேரழுகல் டெஸ்ட்டை தண்ணி இல்லாம காயுற எங்க வயல்ல வச்சுப் பாருங்க

பயறு ரகங்களை டெஸ்ட் பண்ணி வெளியிடுற ஆராய்ச்சி நிலைய ஐயாமார், அம்மாமார் எல்லாருக்கும் வணக்கம். டெல்டாவுல இருந்து ஒரு உளுந்து விவசாயி எழுதுறேன்.

நெல்லு அறுத்த வயல்ல மிச்ச ஈரத்துலயே வளர்ற நெல் தரிசு உளுந்துல வேரழுகல் நோய் என்ன பாடு படுத்துதுன்னு உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல, ஆனா இந்தப் பங்குனியில என் வயல்ல நடந்ததை சொல்லியே ஆகணும். தாளடி நெல்லு அறுக்க ஒரு வாரம் முன்னாடி, மண்ணு ஈரமா மெழுகு பதத்துல இருக்குறப்ப தெளிச்ச விதை, நோய் தாங்கும்னு சொல்லித்தான் குடுத்தாங்க, கிலோவுக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மாங்கிற நல்லது செய்யுற பூஞ்சையைக் கலந்து விதைநேர்த்தியும் பண்ணேன், பூ எடுத்து பிஞ்சும் இறங்கி அம்மா தினம் காலையில போய் பாத்துட்டு வந்து சந்தோஷமா சொல்லிட்டிருந்தாங்க. திடீர்னு திட்டுத் திட்டா இலை தொங்கிருச்சு. ஒரு செடியைப் புடிச்சேன், இழுக்கக்கூட இல்ல, கையோட வந்துருச்சு. வேர்ப்பட்டை நார் நாரா உரியுது, உள்ள கரித்தூள் தூவின மாதிரி கருப்புப் புள்ளி. அம்மா அப்படியே வரப்புல உக்காந்துட்டாங்க.

வேரையும் மண்ணையும் பையில கட்டி ஆபீஸ்ல குடுத்துட்டு மூணு தடவ அலைஞ்சேன், ரிசல்ட் வரல. லிட்டருக்கு 1 கிராம் கார்பென்டாசிம் பூஞ்சை மருந்து கலந்து தூர்ல ஊத்துங்கன்னு மட்டும் சொன்னாங்க. ஜனவரி 28-ல மேட்டூர் அணையை மூடுனா பங்குனியில வாய்க்கால்ல மாட்டுக்கே தண்ணி கிடையாது, நான் எதைங்க ஊத்துறது?

இந்த வேரழுகலைக் கொண்டு வர்ற மேக்ரோஃபோமினா பூஞ்சை, மண்ணு காஞ்சு சூடு ஏறும்போதுதான் வேரைப் புடிக்கும்னு எங்களுக்கு சொல்லிக் குடுத்ததே நீங்கதான். தொட்டி மண்ணுல பூஞ்சையைக் கலந்துட்டு தினமும் தண்ணி ஊத்துனா எந்த ரகமும் தாங்குற மாதிரிதான் தெரியும். அதனால கேக்குறேன், எங்க வயல் பூஞ்சையைப் பிரிச்செடுத்து, பூக்குற சமயத்துல காயப்போட்டு, 35 டிகிரி சூட்டுல டெஸ்ட் பண்ணுங்க. எந்த ரகம் தாங்குது எது சாகுதுன்னு தைக்கு முன்னாடி சொல்லுங்க.

இலையெல்லாம் மஞ்சளாகுற மஞ்சள் தேமல் நோய் வந்தா ரோட்டுல போறவங்களுக்கே தெரியுது, உடனே ஜீப் வருது, போட்டோ எடுக்குறாங்க. வேர் மண்ணுக்குள்ள அழுகுறதால யாருமே எட்டிப் பாக்குறதில்ல. நாங்களும் விதைக்கு காசு குடுத்துதான் வாங்குறோம், கடனும் எங்க பேர்லதான் இருக்கு. கோவத்துல கொஞ்சம் கூடப் பேசிருந்தா மன்னிச்சுக்கோங்க.

தயவுசெஞ்சு எங்க வயல்லயே டெஸ்ட் பண்ணுங்க. நோய் வந்த இடத்துலயே பத்து சென்ட் விட்டுத் தர்றேன், நீங்க குடுக்குற ரகத்தையெல்லாம் வரிசை வரிசையா நானே போட்டுத் தர்றேன், நீங்க வந்து எண்ணிப் பாத்தா போதும். அழுகுன வேரை பேப்பர்ல சுத்தி பரண்ல வச்சிருக்கேன், காஞ்ச வேர்லயும் அந்தப் பூஞ்சை உயிரோட கிடக்கும்ல, எப்ப கேட்டாலும் கொண்டு வந்து தர்றேன்.