டிவி பெட்டியில் அச்சிடாத தகவல்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தீபாவளிக்கு எந்த டிவி வாங்கலாம் என்று உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அளவு, விலை, எந்தெந்த ஆப் ஓடும் என்பதெல்லாம் விவரமாக இருந்தது. திரையைப் பற்றி மட்டும் இரண்டே வரி. அந்த இரண்டு வரியிலும் கியூஎல்இடி, ஓஎல்இடி இரண்டையும் ஒரே இனமாகச் சேர்த்துவிட்டார் கட்டுரையாளர். வேலூர் சத்துவாச்சாரியில் டிவி பழுது பார்ப்பது என் தொழில். அதனால் சும்மா இருக்க முடியவில்லை.

என் கடைக்கு வரும் டிவிகளில் பாதிக்கு மேல் ஒரே புகார்தான்: "அண்ணே, சத்தம் வருது, படம் வரலை." கறுப்பாகக் கிடக்கும் அந்தத் திரைமேல் டார்ச்சை ஒட்டிப் பிடித்துப் பார்த்தால் உள்ளே சீரியல் மங்கலாக ஓடிக்கொண்டிருக்கும். படத்தைக் காட்டும் பேனலுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. பின்னாலிருந்து வெளிச்சம் தரும் பேக்லைட் போயிருக்கும். எல்இடி டிவி என்று நாம் வாங்குவது உண்மையில் எல்சிடி திரைதான். அது தானாக ஒளி விடாது. பின்னால் பட்டை பட்டையாக ஒட்டியிருக்கும் எல்இடி விளக்குகளின் வெளிச்சத்தைத் தேவைக்கேற்ப விடும், மறைக்கும், அவ்வளவுதான். முழுதாக மறைக்கவும் அதற்கு வராது. இரவுக் காட்சியில் கறுப்பு சாம்பலாகத் தெரிவது அதனால்தான்.

கியூஎல்இடியும் இதே சாதிதான். நீல பேக்லைட்டுக்கு முன்னால் குவாண்டம் டாட் என்ற நுண்துகள்கள் பூசிய ஒரு படலம் இருக்கும். நிறம் கூடுதல் சுத்தமாக வரும். மினி எல்இடி என்றால் பின்னால் இருக்கும் விளக்குகள் மிகச் சிறியவை, எண்ணிக்கையில் மிக அதிகம். படத்தில் இருட்டான இடத்துக்குப் பின்னால் உள்ள விளக்குகளை மட்டும் மங்க வைக்கலாம், அணைக்கலாம். ஓஎல்இடி மட்டும்தான் வேறு குடும்பம். அதில் ஒவ்வொரு புள்ளியும் தானே எரியும், தானே அணையும். கறுப்பு என்றால் அசல் கறுப்பு. படத்தின் அழகில் அதை மிஞ்ச எதுவும் இல்லை என்று நானும் ஒப்புக்கொள்வேன். பிளாஸ்மா என்ற பழைய வகை டிவி இருந்திருந்தால் போட்டி போட்டிருக்கும்; அதன் உற்பத்தியை பானசோனிக் 2013-ல் நிறுத்திவிட்டது, மற்றவர்களும் அடுத்தடுத்து நிறுத்திவிட்டார்கள்.

ஆனாலும் வேலூரில் ஓஎல்இடி வாங்கட்டுமா என்று கேட்பவர்களில் பலருக்கு வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். அதில் எரிவது கரிமப் பொருள். எரிய எரியத் தேயும், சூட்டில் இன்னும் வேகமாகத் தேயும். நம் ஊர் வெயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அக்னி நட்சத்திரத்தில் மேற்குச் சுவரைத் தொட்டுப் பார்த்தால் தெரியும், அந்தச் சுவரில்தான் பல வீடுகளில் டிவியை மாட்டுகிறோம். இது போதாதென்று காலையில் போட்ட செய்திச் சேனல் இரவு வரை ஓடும். கீழே ஓடும் செய்திப் பட்டையும் மூலையில் நிற்கும் சேனல் சின்னமும் அசையாமல் இருந்தால் அந்த இடத்துப் புள்ளிகள் மட்டும் கூடுதலாகத் தேய்ந்து, சேனலை மாற்றினாலும் நிழலாக நிற்கும். புது மாடல்களில் இதைக் குறைக்க ஏற்பாடுகள் இருக்கின்றன, குறைக்கத்தான். பகலில் வாசல் கதவைத் திறந்து வைக்கிற ஹாலில் ஓஎல்இடியைவிட மினி எல்இடியின் வெளிச்சமே எடுபடும். ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு சினிமா மட்டும் பார்க்கிறவர், கையில் காசும் இருக்கிறது என்றால், சரி, தாராளமாக ஓஎல்இடி வாங்கலாம்.

அப்புறம், யாருமே கேட்காத ஒன்று: எல்சிடி பேனலில் இருக்கும் இரண்டு வகைகளில் இது ஐபிஎஸ்ஸா, விஏ-வா? விஏ-வில் கறுப்பு நன்றாக வரும், ஆனால் பக்கவாட்டில் உட்கார்ந்தால் முகங்கள் வெளிறிப் போகும். ஐபிஎஸ் பக்கவாட்டிலும் நிறம் மாறாது, கறுப்பு கொஞ்சம் சுமார். 2006-ல் அரசு கொடுக்க ஆரம்பித்த இலவச கலர் டிவி வெறும் 14 அங்குலம்தான், ஆனால் பிக்சர் டியூப் என்பதால் வாசற்படியில் உட்கார்ந்து பார்த்தவருக்கும் ஒரே நிறம். அந்தப் பழக்கத்தில் ஹாலின் நாலு பக்கமும் உட்கார்ந்து பார்க்கும் குடும்பம் விஏ பேனலை வாங்கிவிட்டு, டிவியில் ஏதோ கோளாறு என்று என்னிடம் தூக்கிக்கொண்டு வருகிறது. நான் எதைப் பிரித்து எதைச் சரிசெய்வது?

2025 செப்டம்பர் 22 முதல் 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிகளுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்துவிட்டதால் எல்லோருக்கும் பெரிய திரை ஆசை. நல்லதுதான். ஆனால் வீட்டில் இருப்பது எஸ்டி, அதாவது எச்டி இல்லாத பழைய தரத்து செட்டாப் பாக்ஸ் என்றால் வருவது 576 வரிப் படம். அதை 2160 வரி 4கே திரையில் இழுத்துக் காட்டினால் முகமெல்லாம் பிசுபிசுவென்றுதான் இருக்கும். 43 அங்குலத்தை எட்டடி தள்ளி உட்கார்ந்து பார்ப்பவருக்கு ஃபுல் எச்டிக்கும் 4கேவுக்கும் வித்தியாசம் தெரியாது. அவர் முதலில் மாற்ற வேண்டியது பாக்ஸை.

ஷோரூமில் ஓடும் மயில், அருவி வீடியோவை நம்பவே கூடாது. அது அந்தத் திரைக்கென்றே எடுத்தது; செட்டிங்கும் நிறத்தையும் வெளிச்சத்தையும் கூட்டிக் காட்டும் விவிட் மோடில் இருக்கும். ஸ்டாண்டர்டுக்கு மாற்றி, சாதாரண கேபிள் சேனல் ஒன்றைப் போடச் சொல்லி, பக்கவாட்டில் நான்கடி நகர்ந்து நின்று பார்க்க வேண்டும். விற்பவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். வீட்டுக்கு வந்தபிறகும் பேக்லைட்டை நூறில் வைக்காமல் அறுபது எழுபதில் வைத்தால் எல்இடி பட்டைகள் பல வருஷம் தாங்கும். எனக்கு வருமானம் குறையும், பரவாயில்லை.

அட்டைப்பெட்டியில் திரையின் அளவை 108 செ.மீ. என்று சென்டிமீட்டரில் போடுகிறார்கள், மின்சாரத்துக்கு நட்சத்திர முத்திரையும் ஒட்டுகிறார்கள். பேனல் ஐபிஎஸ்ஸா விஏ-வா, அதிகபட்ச வெளிச்சம் எத்தனை நிட்ஸ் (திரை வெளிச்சத்தை அளக்கும் அலகு) என்பதைக் கட்டாயம் அச்சிட வேண்டும் என்று ஏன் ஒரு விதி வரக்கூடாது? அதுவரை, அடுத்த பொங்கலுக்கு நீங்கள் டிவி பட்டியல் போடும்போது விலைக்குப் பக்கத்தில் இந்த இரண்டையும் கம்பெனிகளிடம் கேட்டு வாங்கிப் போடுங்கள். பதில் தராத கம்பெனியின் பெயருக்கு எதிரே அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
டிவி மெக்கானிக் ஒருவர்,
சத்துவாச்சாரி, வேலூர்